ரைக்கர்ஸ் சிறையை ஊருக்குள் கொண்டுவந்த நியூயார்க்: அக்கம்பக்கத்தார் வழக்கு எங்கே நின்றது, எங்கே சரிந்தது?

2020 செப்டம்பரில் நியூயார்க் நீதிபதி ஜான் கெல்லி, ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்கு மாற்றாக மன்ஹாட்டன் சைனாடவுனில் எழவிருந்த புதிய சிறைக்கு நகர நிர்வாகம் பெற்றிருந்த ஒப்புதலை ரத்து செய்தார். வழக்குப் போட்டது 'நெய்பர்ஸ் யுனைட்டட் பிலோ கனால்' என்ற குடியிருப்பாளர் அமைப்பும் அதனுடன் கைகோத்த சிலரும். கனால் தெருவுக்குத் தெற்கே வாழ்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். ஆறே மாதம்தான். 2021 மார்ச்சில் மேல்முறையீட்டு மன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அங்கிருந்த பழைய சிறைக் கட்டடம் இடிக்கப்பட்டது. புதியது 2032-ல் முடியும் என்கிறார்கள்.

வழக்குப் போட்டவர்கள் சட்டம் தெரியாமல் தோற்றவர்கள் அல்லர். காலவரம்புக்குள் மனுப் போட்டார்கள், ஆவணம் சேர்த்தார்கள், முதல் மன்றத்தில் ஜெயிக்கவும் செய்தார்கள். ஒரு பொதுக் கட்டடத்தை நகரம் இடம் மாற்றும்போது அக்கம்பக்கத்தார் நீதிமன்றத்தில் எதைக் கேட்க முடியும், எதைக் கேட்கவே முடியாது என்பதற்கு இந்த வழக்கைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

தீவிலிருந்து தெருவுக்கு

ரைக்கர்ஸ் தீவு, பிராங்ஸுக்கும் குயின்ஸுக்கும் இடையில் ஆற்றில் கிடக்கும் 400 ஏக்கர் சொச்சம் நிலம். 1930-களிலிருந்து நகரத்தின் பிரதான சிறை அங்கேதான். அங்கிருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனைக் கைதிகள் அல்லர், வழக்கு முடியக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள். தீவுக்குப் போக ஒரே ஒரு பாலம், அதுவும் 1966-ல் வந்தது. ஒரு கைதியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்குள் ஒரு நாள் போய்விடும். பார்க்க வரும் குடும்பத்துக்கும் அதே கதி. வன்முறையும் பராமரிப்பின்மையும் சேர்ந்து தீவின் பெயரே கெட்டுப்போனது.

மாநிலத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஜொனாதன் லிப்மேன் தலைமையிலான குழு, தீவை மூடிவிட்டு நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் சிறிய சிறைகளைக் கட்டச் சொல்லி 2017-ல் அறிக்கை தந்தது. அப்போதைய மேயர் பில் டி பிளாசியோ ஏற்றுக்கொண்டார். நியூயார்க் நகரத்தின் பெரும் பிரிவுகளான 'பரோ'க்களில் ஸ்டேட்டன் தீவைத் தவிர்த்து மற்ற நான்கிலும் ஆளுக்கொரு சிறை: மன்ஹாட்டனில் ஒயிட் தெரு, புரூக்ளினில் அட்லாண்டிக் அவென்யூ, குயின்ஸில் கியூ கார்டன்ஸ், பிராங்ஸில் மாட் ஹேவன். முதல் மூன்றும் ஏற்கெனவே சிறை இருந்த இடங்கள். பிராங்ஸில் மட்டும் போலீஸ் இழுத்துவந்த வண்டிகளை நிறுத்திவைக்கும் பொட்டலைப் பிடித்தார்கள். அந்த நிலத்தில் வீடுகள் கட்ட வேண்டும் என்று தனித் திட்டம் வைத்திருந்த பக்கத்துக் குடியிருப்புச் சங்கம் உடனே எதிர்த்தது, பிறகு வழக்கும் போட்டது.

நம் ஊர் நடந்தது நேர் எதிர்த் திசை. சென்னை சென்ட்ரல் எதிரில் இருந்த மத்திய சிறையை 2006-ல் புழலுக்குத் தள்ளி, பிறகு பழைய கட்டடத்தை இடித்தோம். ஊருக்குள் இருக்கும் சிறையை வெளியே அனுப்பும்போது ஊர்க்காரர்கள் வழக்குப் போடுவதில்லை. உள்ளே கொண்டுவரும்போதுதான் போடுவார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக எதிர்க்கவில்லை. சிலருக்கு உயரம், நிழல், போக்குவரத்து, வீட்டு விலை. சிலருக்கு, ஏற்கெனவே சுமை தாங்கிய ஏழைப் பேட்டைக்கே மீண்டும் சுமையா என்ற ஆத்திரம். இன்னொரு கூட்டத்துக்குப் புதிய சிறை என்பதே வேண்டாம், எங்கும் வேண்டாம். கூட்டங்களில் இந்த மூன்றும் ஒரே பதாகையின் கீழ் நிற்கலாம். மனுவில் நிற்க முடியாது, ஏனென்றால் மன்றம் காது கொடுப்பது முதல் வகையின் ஒரு பகுதிக்கு மட்டுமே.

205 நாள் ஓட்டம்

நியூயார்க்கில் நகரம் ஒரு பொதுக் கட்டடத்துக்கு இடம் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் 'யூலர்ப்' என்று சுருக்கி அழைக்கப்படும் நிலப் பயன்பாட்டு ஆய்வு நடைமுறையைக் கடந்தாக வேண்டும். 1975-ல் நகர சாசனத்தைத் திருத்தியபோது வந்தது. திட்டமிடல் துறை விண்ணப்பம் முழுமையாக இருக்கிறது என்று சான்று தந்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். வட்டாரக் குழுவுக்கு 60 நாள், பரோ தலைவருக்கு 30, நகரத் திட்டக் குழுவுக்கு 60, நகர மன்றத்துக்கு 50, மேயருக்கு 5.

இதில் முதல் இரண்டு கட்டமும் ஆலோசனை மட்டுமே. வட்டாரக் குழு ஏகமனதாக 'வேண்டாம்' என்றாலும் விண்ணப்பம் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடும். சிறைத் திட்டத்தில் நடந்ததும் அதுவே. நான்கு வட்டாரக் குழுக்களும் எதிர்த்தன. திட்டக் குழு 9-3 என்று ஒப்புதல் தந்தது. நகர மன்றம் 2019 அக்டோபர் 17 அன்று 36-13 என்ற வாக்கில் நிறைவேற்றியது. நான்கு பரோக்களின் நான்கு சிறைகளையும் ஒரே விண்ணப்பமாகக் கட்டி அனுப்பியதில் நிர்வாகத்துக்கு ஒரு சௌகரியம் இருந்தது: எந்த ஒரு வட்டாரமும் தன் சிறையை மட்டும் தனியாகப் பிரித்து வீழ்த்த முடியாது.

இதற்கு இணையாக இன்னொரு தண்டவாளம் ஓடும். அது சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு. வழக்குக்கு உயிர் இதில்தான் இருக்கிறது. முதலில் எதையெல்லாம் ஆராயப் போகிறோம் என்று ஆய்வு வரம்பின் வரைவை வெளியிட்டு அதன் மீது பொது விசாரணை நடத்த வேண்டும். பிறகு இறுதி வரம்பு, வரைவு அறிக்கை, அதன் மீது இன்னொரு விசாரணை, இறுதி அறிக்கை. வரைவு அறிக்கைக்குக் கருத்துச் சொல்ல குறைந்தது 30 நாள் தர வேண்டும். விசாரணை நடந்தால் அது முடிந்து இன்னும் 10 நாள் கதவு திறந்திருக்கும். இறுதி அறிக்கை வெளிவந்து 10 நாளாவது போகாமல் முடிவெடுக்கக் கூடாது.

இங்கே பலர் இடறுகிறார்கள். விசாரணையில் மைக்கைப் பிடித்து மூன்று நிமிடம் கோபப்பட்டுவிட்டு வந்தால், ஆவணத்தில் 'குடியிருப்பாளர் எதிர்ப்புத் தெரிவித்தார்' என்று ஒரு வரிதான் மிஞ்சும். போக்குவரத்து எண்ணிக்கை எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது, இடிப்பின்போது வரும் தூசியை மூச்சுக்கோளாறு உள்ள முதியோர் எப்படித் தாங்குவார்கள், மண்ணின் தாங்கு திறன் என்ன என்று எழுத்தில், முடிந்தால் பொறியாளர் கையொப்பத்துடன், கெடு தேதிக்குள் கொடுத்திருக்க வேண்டும். பின்னால் நீதிபதி பார்ப்பது அந்த ஆவணக் கட்டை மட்டுமே. நிர்வாகத்தின் முன் எழுப்பாத வாதத்தை மன்றத்தில் புதிதாக எழுப்பினால் 'அப்போதே சொல்லியிருக்க வேண்டும்' என்று தள்ளிவிடுவார்கள். அந்த ஆவணங்களை நகரத்திடமிருந்து பெறத் தகவல் சட்டம் உண்டு. கேட்டால் 5 வேலை நாளுக்குள் ஏதாவது ஒரு பதில் வரும். பதில் என்றால் 'கிடைத்தது, பரிசீலிக்கிறோம்' என்பதும் பதில்தான். ஆகவே முன்கூட்டியே கேட்பவர்களே பிழைப்பார்கள்.

ஓர் இடம் இன்னோர் இடமான கதை

மன்ஹாட்டன் வழக்கின் மையம் 2018-ன் சில மாதங்களில் இருக்கிறது. ஆகஸ்டில் வெளியான வரைவு வரம்பில் மன்ஹாட்டன் சிறைக்கு 80 சென்டர் தெருவில் இருந்த அரசு அலுவலகக் கட்டடம் குறிக்கப்பட்டிருந்தது. பொது விசாரணையும் அந்த இடத்தை வைத்துத்தான் நடந்தது. நவம்பரில் நகரம் மனம் மாறியது. ஏற்கெனவே சிறை இருந்த 124–125 ஒயிட் தெருவிலேயே, பழையதை இடித்துவிட்டுக் கட்டுவது என்றார்கள். கூப்பிடு தூரம்தான். ஆனால் அலுவலகக் கட்டடம் ஒன்றை மாற்றுவதும், முதியோர் குடியிருப்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சிறையை இடிப்பதும் ஒன்றல்ல. இடம் மாறிய பிறகு ஆய்வு வரம்பு விசாரணையைப் புதிதாக நடத்தவில்லை என்பது மனுதாரர்களின் முக்கியமான புகார்.

அந்த இடத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1838-ல் முதல் சிறையை அதற்குப் பக்கத்திலேயே கட்டியபோது, தூர்க்கப்பட்ட ஒரு குளத்தின் மேல் கட்டினார்கள். எகிப்தியக் கல்லறை போலத் தோன்றியதால் 'டூம்ஸ்' என்று பேர் வந்தது. கட்டடம் சீக்கிரமே இறங்கத் தொடங்கியது. பேர் மட்டும் அடுத்தடுத்து வந்த சிறைகளுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டது. 1982-ல் அங்கே சிறையை விரிவாக்க முயன்றபோது சைனாடவுன்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அதன் பலனாக நிலத்தின் ஒரு பகுதியில் எழுந்தது 88 வீடுகள் கொண்ட சுங் பாக் முதியோர் குடியிருப்பு. இடிப்பு வேலை அதன் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

'சரியான இடமா?' என்று நீதிமன்றம் கேட்காது

நகரத்தின் முடிவை எதிர்ப்பதற்கான வழி, நியூயார்க் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு. நமக்கு ரிட் மனு தெரியும். செர்ஷியோராரி, மாண்டமஸ், புரோகிபிஷன் என்ற அதே பழைய ஆங்கிலேய ரிட்டுகளை ஒரே பைக்குள் போட்டதுதான் 78. போட வேண்டிய இடம் 'சுப்ரீம் கோர்ட்'. பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம், நியூயார்க்கில் அது கீழ் மன்றம். அதற்கு மேல் அப்பலேட் டிவிஷன், அதாவது கெல்லியின் தீர்ப்பைத் தள்ளிய மேல்முறையீட்டு மன்றம். உச்சியில் இருப்பதன் பேர் 'கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ்'. வழக்கு எண்ணுக்கு 210 டாலர், நீதிபதியை ஒதுக்கக் கோரும் விண்ணப்பத்துக்கு 95 டாலர். கட்டணம் சொற்பம். நிபுணர் அறிக்கைக்கும் வழக்கறிஞருக்கும்தான் தெருத்தெருவாக உண்டியல் ஏந்த வேண்டும்.

காலவரம்பு நான்கு மாதம், முடிவு இறுதியான நாளிலிருந்து. அக்டோபர் 17 வாக்கெடுப்பு என்றால் பிப்ரவரி நடுவோடு கதவு மூடிவிடும். முதலில் கடிதம் எழுதிப் பார்ப்போம், கவுன்சிலரைச் சந்திப்போம் என்று நாள் கடத்திய சங்கங்கள் வழக்கின் உள்ளே நுழையாமலேயே தோற்றிருக்கின்றன. கடிதம் எழுதுவதால் கடிகாரம் நிற்காது.

அடுத்து, வழக்குத் தொடரும் தகுதி. பொதுமக்கள் எல்லாருக்கும் வரும் பாதிப்பு போதாது. மற்றவர்களுக்கு இல்லாத வகையில் எனக்கு என்ன பாதிப்பு என்று காட்ட வேண்டும். 1991-ல் சஃபோக் மாவட்டத்தின் பிளாஸ்டிக் தடைச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் உறுதியான விதி இது. அமைப்பாக வழக்குப் போட்டால், உறுப்பினர்களில் ஒருவராவது அந்தத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். எனவே 'வட்டாரத்தின் 2,000 பேர் கையெழுத்து' என்பதைவிட, கட்டப்படும் இடத்துக்கு நேர் எதிரே ஜன்னல் உள்ள ஒருவரின் பிரமாணப் பத்திரம் கனமானது. எவ்வளவு தூரம், எந்தத் தளம், ஜன்னல் எந்தத் திசை, வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று அதில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் கடந்தால் நீதிபதி என்ன பார்ப்பார்? இந்த இடம் நல்லதா கெட்டதா என்று பார்க்க மாட்டார். நகரம் பொருத்தமான பிரச்சினைகளை அடையாளம் கண்டதா, அவற்றை ஊன்றிப் பார்த்ததா, முடிவுக்குக் காரணம் சொன்னதா என்ற மூன்றைத்தான் பார்ப்பார். ஊன்றிப் பார்த்துவிட்டு, 'ஆம், போக்குவரத்து மோசமாகும், ஆனாலும் கட்டுகிறோம்' என்று எழுதியிருந்தால் சட்டத்தின் கண்ணில் அது செல்லும். நகரம் மேற்கொண்ட ஆய்வு ஆயிரக்கணக்கான பக்கம் போவது ஏன் என்பது இப்போது விளங்கும். எதையும் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதப்படும் பக்கங்கள் அவை.

இந்த விதியை வைத்து ஜெயித்தவர்களும் உண்டு, அதுவும் அதே சைனாடவுனில். காலி மனையில் எழவிருந்த ஆடம்பர அடுக்ககத்தை எதிர்த்து சீனத் தொழிலாளர் சங்கம் போட்ட வழக்கில், 1986-ல் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் அனுமதியை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் என்றால் காற்றும் தண்ணீரும் மட்டுமல்ல. பேட்டையின் தன்மை மாறுவதும், வாடகை ஏறி மக்கள் பெயர்வதும் அதில் அடங்கும். நகரம் அதைப் பார்க்கவே இல்லை என்றது மன்றம். வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே நகரம் பார்க்கவே இல்லை. சிறை விஷயத்தில் நகரம் பார்த்திருந்தது, மனுதாரர்களின் கண்ணுக்குப் போதாமல் பார்த்திருந்தது. 'பார்க்கவில்லை' என்பதற்கும் 'போதாது' என்பதற்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் கெல்லியின் தீர்ப்பு மேலே போய் விழுந்தது.

நியாயப் பங்கீடு என்ற வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 1989-ல் திருத்தப்பட்ட நகர சாசனம், குப்பை நிலையம், சிறை, தங்குமிடம் போன்றவற்றின் சுமையை வட்டாரங்களுக்கிடையே நியாயமாகப் பகிர அளவுகோல்களை வகுக்கச் சொன்னது. மாட் ஹேவன்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆயுதம் இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் விதி சொல்வது 'கருத்தில் கொள்ள வேண்டும்' என்பது மட்டுமே. கருத்தில் கொண்டோம் என்று ஓர் அத்தியாயம் எழுதிவிட்டால் கடமை தீர்ந்தது. என் கணக்கில், நகர சாசனத்திலேயே அழகாக எழுதப்பட்டு மிகக் குறைவாகக் கடிக்கும் பிரிவு இதுதான்.

நாள்தான் காசு

வழக்கு நடக்கும்போதே இடிப்பு இயந்திரம் வந்துவிட்டால்? தீர்ப்பு வரும்போது கட்டடம் பெருமளவு எழுந்திருந்தால், வழக்கே செயலிழந்துவிட்டதாக மன்றம் கைவிரிக்கலாம். லாங் பீச் நகரத்து அடுக்கக வழக்கில் 2002-லும், மன்ஹாட்டன் கார்னகி ஹில் வழக்கில் 2004-லும் அதுதான் நடந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் தடை கேட்டுத் தங்கள் உரிமையைக் காத்துக்கொள்ளவில்லை என்று அக்கம்பக்கத்தாரையே குறை சொன்னது மன்றம்.

தடை கேட்பதும் எளிதல்ல. வெற்றிக்கான வாய்ப்பு, ஈடுசெய்ய முடியாத இழப்பு, இரு தரப்பின் இடர்களைத் தூக்கிப் பார்த்தால் நம் பக்கம் தாழ்கிற தராசு என்று மூன்றையும் காட்ட வேண்டும். தடை கிடைத்தால், பின்னால் தோற்றால் எதிர்த்தரப்பின் நஷ்டத்தை ஈடுகட்டப் பிணைத்தொகையும் கட்ட வேண்டும். தனியார் கட்டுநர் என்றால் விசாரணைக்கு முன்பே ஓரிரு நாள் அவசரத் தடை வாங்கலாம். அரசு அமைப்பு தன் சட்டப்பூர்வக் கடமையைச் செய்வதை அப்படி அவசரமாகத் தடுக்கக் கூடாது என்று நடைமுறைச் சட்டமே சொல்கிறது.

ஜெயித்தாலும் கிடைப்பது 'மீண்டும் ஒழுங்காகச் செய்' என்ற உத்தரவுதான். நகரம் விடுபட்ட ஆய்வைச் செய்துவிட்டு அதே முடிவோடு திரும்பி வரலாம். ஆகவே வழக்கின் உண்மையான மதிப்பு அது விழுங்கும் நாள்களில் இருக்கிறது. மேயர் மாறலாம், செலவு ஏறலாம், கைதிகளின் எண்ணிக்கை மாறலாம். 2020-ல் ஒரு ஹோட்டலில் தங்கவைக்கப்பட்டிருந்த வீடற்ற ஆண்களை மன்ஹாட்டனின் தென்கோடிக்கு மாற்ற நகரம் முனைந்தபோது, அந்தப் பகுதிக்காரர்கள் போட்ட வழக்கால் அந்த மாற்றம் மாதக்கணக்கில் நின்றுபோனது.

சிறைத் திட்டத்தில் மக்கள் கையில் உண்மையாக ஏதாவது கிடைத்தது என்றால், அது மன்றத்துக்கு வெளியே, வாக்கெடுப்புக்கு முந்தைய சில நாள்களில் கிடைத்தது. நகர மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: எந்தத் தொகுதியில் கட்டடமோ அந்தத் தொகுதி உறுப்பினர் சொல்வதை மற்றவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். நான்கு உறுப்பினர்களும் கையெழுத்துக்கு விலை கேட்டார்கள். மன்ஹாட்டன் கட்டடம் 450 அடியிலிருந்து 295 அடியாகக் குறைந்தது. புரூக்ளின் 395-லிருந்து 295, குயின்ஸ் 270-லிருந்து 195, பிராங்ஸ் 245-லிருந்து 195. ஒவ்வொன்றிலும் 886 படுக்கை, மொத்தம் 3,544. சைனாடவுனுக்கான பேரத்தில் அமெரிக்கச் சீனர் அருங்காட்சியகத்துக்கு 3.5 கோடி டாலர் வந்தது. அதை வாங்கியது துரோகம் என்று அதே பேட்டையில் இன்றும் சண்டை.

அந்த எண்களும் நிலைக்கவில்லை. கைதிகள் 3,300-க்குக் குறைவார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. 2020 ஏப்ரலில் 4,000-க்கும் கீழே போன எண்ணிக்கை, 2025-ல் 7,000-ஐ ஒட்டிவிட்டது. படுக்கைகளைச் சிறைக்கு 1,040 வரை கூட்டியாயிற்று. 870 கோடி டாலர் என்று ஒப்புதல் வாங்கிய திட்டம் 1,500 கோடியைத் தாண்டிவிட்டது. தீவில் 2027 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு யாரையும் அடைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த நாளுக்குள் நான்கில் ஒரு சிறைகூட முடியப்போவதில்லை. 2019-ல் ஆராய்ந்த அறிக்கைக்கும் இன்று எழும் கட்டடத்துக்கும் இடையில் இத்தனை தூரம் விழுந்த பிறகு, துணை ஆய்வு தேவையா என்பது புதிய கேள்வி. அதற்கும் நான்கு மாதக் கடிகாரம் உண்டு. அது எந்த நாளில் ஓடத் தொடங்கும் என்பதுதான் அடுத்த வழக்கின் முதல் சண்டையாக இருக்கும்.